இன்னும் மெதுவா அடி

இன்று காலை என் மனைவி மகளின் தலையில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே என் வலது கால் தானாகத் தரையை மிதிக்க ஆரம்பித்தது. "ஒரு எடத்துல சும்மா உக்காரவே தெரியாதா உங்களுக்கு?" என்றாள். தெரியாதுதான். ஒரு காலத்தில் மெட்டல்கோர் பேண்டில் டிரம்ஸ் அடித்தவன் நான். இப்போது குடியிருக்கும் பாரோயில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் தொப்பையும் எனக்குச் சாட்சி சொல்வதில்லை.

விளக்கெண்ணெய்க்கும் மெட்டலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? உறுமி. அதன் தோலில் விளக்கெண்ணெய் தடவி, வளைந்த குச்சியால் தேய்த்தால்தான் அந்த முனகல் வரும். மலேசியாவில், லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ஆளில்லாமல் போன பழைய ஆயாக் கொட்டகையில்தான் எங்கள் பயிற்சி. பால்மரம் வெட்டப் போன அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம் அது. நானும் எங்கள் பாடகன் பாலாவும் அங்கேதான் தொட்டிலில் கிடந்து அழுதோம். வளர்ந்த பிறகு அதே இடத்தில் பாலா மைக்கைப் பிடித்துக் கத்தினான், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் வெளிநாட்டு பேண்டுகள் மாதிரியே வாசித்தோம். ஒருவரும் சட்டை செய்யவில்லை. பிறகு கோயில் உறுமிக்காரரின் மகன் குமார் சேர்ந்தான். எங்கள் சத்தமே மாறிவிட்டது. அவன் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "என்ன வேணா வாசிங்க. சாமி அழைக்கிற அடிய மட்டும் கோயிலுக்கு வெளிய அடிக்கக்கூடாது. அடிச்சா உறுமி வீட்டோட இருக்கும்." குமார் போனால் நாங்கள் பழையபடி நகல்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மெட்டல்கோர் பாட்டு வேகமாக ஓடி, ஓரிடத்தில் திடீரென்று மெதுவாகிப் பாரமாக விழும். கூட்டம் காத்திருப்பதே அதற்குத்தான். "இன்னும் மெதுவா அடி லா, நெஞ்சுல விழணும்," என்பான் பாலா. வாராவாரம் மெதுவாக்கிக்கொண்டே போனோம். அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சிரம்பானில் ஒரு கடைவீட்டு மாடியில் ஷோ, ஞாயிற்றுக்கிழமை மதியம். பாட்டு மெதுவாகிற அந்த இடம் வந்ததும், கூட்டத்தைப் பார்த்த குஷியில், பயிற்சியில் அடித்ததைவிட மெதுவாக அடித்தேன். குமாரும் என்னோடு வந்தான். திடீரென்று திரும்பி என்னைப் பார்த்தான். நாங்கள் அடித்துக்கொண்டிருந்தது சாமி அழைக்கிற அடி.

பாலாவின் கண்கள் மேலே செருகின. கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. அவன் வாயிலிருந்து வந்தது அவன் குரலே இல்லை. மலாய்ப் பையன்களும் சீனப் பையன்களும் இதுவும் ஷோதான் என்று நினைத்துக் குதித்தார்கள்.

"நிறுத்தாத! சட்டுனு நிறுத்துனா அவனுக்கு ஆவாது!" என்று குமார் கத்தினான். அருள் வந்தவனை அடியாலேயே மெல்ல இறக்க வேண்டும். கிட்டார்காரன் கீழே ஒட்டுக்கடைக்கு ஓடி, ஐஸ் தேநீருக்கு நறுக்கி வைத்திருந்த எலுமிச்சைத் துண்டுகளை அள்ளி வந்தான். துண்டுக்கெல்லாம் சாமி இறங்குமா என்று கேட்காதீர்கள். இறங்கியது.

மறுநாளே குமார் பேண்டை விட்டு விலகிவிட்டான். "அது பாட்டு இல்லடா. நம்ம கைக்கு அடங்காது." பாலாவுக்கோ வேறெதுவும் வேண்டாம். "அந்தக் கொரலு எனக்குத் திரும்ப வேணும்டா," என்று என்னைப் பிடித்து உலுக்கினான். கம்ப்யூட்டரில் உறுமிச் சத்தத்தை ஏற்றி வாசித்தோம். கூட்டம் குதிக்கத்தான் செய்தது. பாலா மட்டும் குமார் நின்ற பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பேண்டு அப்படியே தேய்ந்து போனது.

தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. கொட்டகை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். கோயிலைச் சாலையோரத்துக்கு நகர்த்திவிட்டார்கள். அங்கே உறுமி அடிப்பது இப்போது குமார்தான். சாமி கும்பிடும் பழக்கமே இல்லாத பாலா, வருடம் தவறாமல் திருவிழாவுக்கு வந்து அவன் எதிரே நிற்கிறான்.

இந்த வருடம் நானும் போனேன். குமார், கண்ணை மூடி நின்ற பாலாவைப் பார்த்துக்கொண்டே அடியை மெதுவாக்கினான், இன்னும் மெதுவாக்கினான். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. என் கால் இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தது.

பாலா கண்ணைத் திறந்தான்.

"வரல லா," என்றான்.