சின்னம்மா கீறிய குசினி

என் சின்னம்மாவுக்கு நன்றாகப் படம் கீற வரும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கலியாண வீட்டு மணவறைக்கு மயில் வேண்டுமென்றாலும், பள்ளிக்கூடத்துப் பூசைக்குச் சரஸ்வதி வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். "பிள்ளைக்கு நல்ல கை" என்று சொல்லி ஒரு தட்டில் பலகாரம் வைத்துத் தந்துவிட்டுப் போவார்கள். அதில் பெரும்பங்கு எனக்கு வந்துவிடும். அதனால் சின்னம்மா ஆயுள் முழுக்க மயிலே கீறிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் விருப்பமாக இருந்தது.

சின்னம்மாவுக்கு மயில் அலுத்துவிட்டது. அவர் அம்மாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தார். போர்த் தடையால் யாழ்ப்பாணத்துக் கடைகளில் குளிக்கச் சவர்க்காரமே அரிதாக இருந்த காலம் அது. வர்ணத்துக்கு எங்கே போவது? வீட்டு வளவின் சிவந்த செம்பாட்டு மண்ணைச் சலித்தார். மஞ்சளை அரைத்தார், உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்தார், அடுப்புக்கரியை இடித்தார். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றுக்குக் கஞ்சி போட்டு மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தார். அப்பா அந்த வேட்டியை வீடு முழுக்கத் தேடினார். எனக்குத் தெரியும்; சொல்லவில்லை.

அந்த வருடம் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு அப்பாதான் தலைவர். ஆண்டுவிழா மேடையில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்று சின்னம்மாவிடம் அவரே கேட்டிருந்தார். சின்னம்மாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் விழாவுக்கு வருவதாக இருந்தார்கள். பெண்ணின் கெட்டித்தனத்தை அவர்களும் பார்க்கட்டும் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். என்ன படம் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. சரஸ்வதியைத் தவிர வேறென்ன இருக்க முடியும்?

மின்சாரம் இல்லாததால் விழாவைப் பின்னேரத்திலேயே வைத்தார்கள். மத்தியானம் கழிந்ததும் படத்தைப் போர்வையால் மூடி சைக்கிள் கரியரில் கட்டினோம். சின்னம்மா உருட்ட, நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மேடையில் போர்வையை விலக்கியபோது அப்பாவும் வாசிகசாலைக்காரரும் கிட்ட வந்து பார்த்தார்கள். படத்தில் ஒரு குசினி. விருந்து முடிந்து எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு பெண்கள் அடுப்படியில் இருக்கிறார்கள். ஒருத்தி மடியில் சோற்றுக் கோப்பையை வைத்திருக்கிறாள். இன்னொருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி சாப்பிடுகிறாள். நடுவில் ஒருவர் வெறும் கறிச்சட்டிக்குள் சோற்றைப் போட்டுப் பிரட்டுகிறார். அது அம்மா. பார்த்த எவருக்கும் சந்தேகம் வராது.

அப்பாவின் முகம் கறுத்தது. "என்ரை வீட்டிலை பட்டினி எண்டெல்லோ சனம் கதைக்கும்?"

"பட்டினி எண்டு நான் கீறேல்லை, அத்தான். கடைசி எண்டுதான் கீறினனான்."

செயலாளராக இருந்த மாஸ்ரர் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். நல்ல மனிதர், யாருடைய மனதையும் நோகடிக்க மாட்டார். "பிள்ளை, வடிவாத்தான் கீறியிருக்கிறீர். ஆனா மேடைக்குச் சரிவராது. உம்மடை பேரைப் போடாமல் பின் அறையிலை மாட்டுவமே?"

"பின்னுக்குக் கிடக்கிறதைத்தான் நான் முன்னுக்குக் கொண்டுவந்தனான், மாஸ்ரர். பேரும் வேணும்."

சின்னம்மா படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், ஆட்கள் வந்துபோகும் ஒழுங்கையின் வேலியில் கட்டினார். கீழ் மூலையில் கரியால் தன் பெயரைப் பெரிதாக எழுதினார். வேலி ஆடியதில் கடைசி எழுத்துக் கோணியது.

விழாவுக்கு வந்த பெண்கள் வேலியடியில் நின்றார்கள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். பிறகு ஒருவர் "ஐயோ, உது எங்கடை குசினியடி!" என்று சிரித்தார். "அந்தத் தூணடியிலை இருக்கிறது நான்" என்றார் இன்னொருவர். உள்ளே வரவேற்புரை தொடங்கியும் பெண்கள் பக்கத்துப் பாய் வெறுமையாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் படத்தையும் சின்னம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கலியாணம் முடிச்சாப் பிறகும் உப்பிடித்தான் கீறுவீரோ?"

"ஓம் மாமி. உங்கடை மகனும் என்னோடை ஒண்டா இருந்து சாப்பிட்டால், அவரையும் சேத்துக் கீறுவன்."

வேலியடியில் ஒரே சிரிப்பு. மாப்பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்: "ஓடிப்போய்க் கொம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. படத்தை இறக்கச் சொல்லித் தங்கச்சிக்கு அவவே சொல்லட்டும்."

வீட்டில் விழாவுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அம்மா புதுச்சேலையோடு வந்தார். நான் வழியில் சொன்னதைக் கேட்டு அழுதுகொண்டே வந்தார். பெண்கள் வழிவிட்டார்கள். அம்மா படத்துக்கு முன்னால் நின்றார். அடுப்பு வெளிச்சம் படத்திலிருந்த அம்மாவின் கன்னத்தில் மஞ்சளாக விழுந்திருந்தது. முந்தானை நழுவியிருந்தது. அலுத்துப்போன முகம்தான். ஆனாலும் எவ்வளவு நேரமும் பார்க்கலாம்.

"நான் இவ்வளவு வடிவோடி?" என்று அம்மா கேட்டார்.

"ஓமக்கா."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். "இஞ்சாருங்கோ, அது கிடக்கட்டும்" என்றார். அப்பாவிடம் அவர் அப்படி உறுதியாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சம்பந்தம் குழம்பிவிட்டது. அதற்காக அம்மா அழுதார், சின்னம்மா அழவில்லை. சின்னம்மாவிடம் படம் கீறப் பழக வந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலரைத் தாய் தகப்பன் மறித்துவிட்டார்கள். மயில் கேட்டும் ஆட்கள் வருவது குறைந்தது. எனக்குப் பலகாரம் போயிற்று. சின்னம்மா மட்டும் மண் சலிப்பதை விடவில்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பவர்கள், வெங்காயம் நட்ட தறையில் குனிந்து நிற்பவர்கள் என்று கிடைத்த துணியிலெல்லாம் கீறினார். ஒவ்வொன்றின் மூலையிலும் அவர் பெயர் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சாப்பிட இருந்தபோது, அம்மா வழக்கம்போல அகப்பையோடு பக்கத்தில் நின்றார். அப்பா கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீரும் இருமன்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "சொதி வேணுமோ?" என்றார்.

"சொதி வேண்டாம். இரும்."

சின்னம்மா எழுந்து அகப்பையை வாங்கி, அம்மாவுக்கு ஒரு கோப்பையில் சோறு போட்டார். அம்மா விருந்தாளி வீட்டில் இருப்பதுபோலப் பாயின் ஓரத்தில் இருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கோப்பைக்குள் விழுந்தது. அப்பாவும் பார்க்காதவர் போல இருந்தார், சின்னம்மாவும் சோற்றுச் சட்டிக்குள் குனிந்துகொண்டார். ஏன் இவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கறி நல்ல உறைப்பாக்கும் என்று நினைத்து, ஓடிப்போய் அம்மாவுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.