மதகுக் காவல்காரிக்குப் போட்ட வசியம்

இன்று மதியம் நீடாமங்கலத்தில், பாஸ்கரின் செல்போன் கடை மாடியில், வழக்கமான கதை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவோம்; நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிப்போம். கதையை நடத்துபவர் பாஸ்கர். ஒரு வருடமாக நான் மதகுக் காவல்காரி.

இன்று கதையில் திடீரென்று ஒரு மந்திரவாதி வந்து எனக்கு வசியம் போட்டான்.

“தப்பிக்கப் பகடை உருட்டுறேன்” என்றேன்.

“வேணாங்க, கதைக்கு இது தேவைப்படுது” என்றார் பாஸ்கர். என் கையாலேயே மதகை மூட வைத்தார்.

கூட ஆடிய செந்திலுக்கு நிஜமாகவே, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நிலம். “பயிரு பால் புடிக்கிற நேரத்துல ஷட்டரை இறக்கிட்டீங்களே, நல்லா இருக்கா?” என்று என்னிடம் எகிறினார். மந்திரவாதியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வசியம் தெளிந்ததும் கதையில் பஞ்சாயத்து. காவல்காரி ஊர் காலில் விழ வேண்டுமாம்.

“இதுக்காவது பகடை உண்டா?” என்றேன்.

“மன்னிப்பு கேக்க எதுக்குங்க பகடை? அதை நீங்களா மனசார செய்யணும்” என்றார் பாஸ்கர்.

ஆக, மதகை மூடும்போது என் மனசு அவர் கையில். காலில் விழும்போது மட்டும் என் கையில்.

உங்கள் ஊரில் யாராவது இதை நியாயமாக ஆடுகிறீர்களா? பஸ் இருந்தால் போதும், வந்துவிடுகிறேன்.