பிடி இல்லாத களைக்கொத்து

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தேன். ஊரில் டைப்ரைட்டர் வைத்திருந்த மூன்று பேரில் கூலி கேட்காதவன் நான் ஒருவன்தான். அதனால் செய்தி எழுதிய நேரத்தைவிட, மற்றவர்களுக்கு இங்கிலீஷில் விண்ணப்பம் அடித்துக் கொடுத்த நேரமே அதிகம்.

அவற்றில் ஒன்று திருவண்ணாமலை சாலையில் இரும்புப் பட்டறை வைத்திருந்த பாய்க்காக அடித்தது. அவர் செய்து விற்றது ஒரே பொருள், களைக்கொத்து. உள்ளங்கை அகலத்தில் ஒரு இரும்பு இலை, அதற்கு ஒரு குட்டைப் பிடி. கடலைக் கொல்லையில் களை எடுக்கும் பெண்கள் பக்கத்து ஊர்களான வல்லத்திலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து அதை வாங்கிப் போவார்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இலைகள் மட்டுமே முன்கூட்டி அடித்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பிடி அப்போதைக்கு அப்போது செய்யப்படும். வாங்க வரும் பெண்ணின் கையை முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை பாயின் மனைவி நூல் வைத்து அளப்பார். அந்த நீளத்துக்கு வேலங்கம்பை வெட்டி இழைத்து, இலையில் இறுக்கித் தருவார். வாங்க வருகிறவர் ஆணாக இருந்தால் பாய் அளப்பார். கையைப் பார்க்காமல் அங்கிருந்து ஒரு கொத்தும் வெளியே போனதில்லை.

ஆவணியோடு எங்கள் பக்கம் களையெடுப்பு முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் உலையில் நெருப்பு இருக்காது. சம்மட்டி அடித்த அண்ணன் தம்பி இருவரும் அந்த மாதங்களில் மெட்ராஸுக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். இந்தத் தடவை போனால் திரும்பப் போவதில்லை என்று அண்ணன்காரன் பாயிடமே சொல்லிவிட்டான். சம்மட்டி ஆள் இல்லையென்றால் பட்டறை இல்லை. பட்டறை இல்லையென்றால் பாய் விழுப்புரம் போய், மனைவியின் அண்ணன் நடத்திய ஜவுளிக் கடையில் துணி மடிக்க வேண்டியதுதான். மச்சானும் வரச் சொல்லி இரண்டு கடிதம் போட்டுவிட்டார்.

குண்டூர் பக்கம் மிளகாய்த் தோட்டங்களில் களையெடுப்பு எங்களுக்குப் பிறகுதான் தொடங்கும் என்று ஒரு லாரி டிரைவர் பாயிடம் சொல்லியிருந்தார். அங்கே ஒரு இரும்புக் கடைக்காரர் சரக்கு எடுக்கச் சம்மதித்தார். ஆனால் அவ்வளவு தூரத்துக்கு அனுப்பும் செலவைப் பாயால் தாங்க முடியாது. அந்தச் சமயத்தில்தான், வெளி மாநிலத்தில் புதிதாக விற்கப்போகும் சிறு பட்டறைகளுக்கு லாரி, ரயில் வாடகையில் பாதியை அரசு ஏற்கும் என்ற செய்தி என் கைக்கு வந்தது. விண்ணப்பத்தோடு ஒரு டஜன் மாதிரி அனுப்ப வேண்டும்.

பாய் பன்னிரண்டு இலைகளை அனுப்பினார். பிடி ஒன்றுகூட இல்லை. காரணத்தை நானே கடிதத்தில் விளக்கினேன்: வாடிக்கையாளரை நேரில் பார்த்த பிறகு பிடி பொருத்தப்படும். டைப் அடிக்கும்போது அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் கழித்து ஒரு தொழில் அதிகாரி என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். இளைஞர், பளபளக்கும் ஷூ போட்டிருந்தார்.

"குண்டூர்ல இருக்கிற அத்தனை பேரையும் செஞ்சிக்கு பஸ் வெச்சுக் கூட்டியாரப் போறீங்களா?" என்று கேட்டார். பாய்க்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் உலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முழுமை பெறாத பொருளுக்கு உதவி தர விதியில் இடமில்லை என்றார் அதிகாரி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பிடி போட்டு அனுப்பினால் கையெழுத்துப் போடத் தயார் என்றும் சொன்னார். பாய் முடியாது என்று தலையாட்டினார்.

"யாரு கைன்னு தெரியாம பிடி போட்டா அது கொத்து இல்ல சார். வெறும் கம்பு."

வாசற்படியில் நின்றிருந்த அவர் மனைவி உள்ளே போய், தன் கைக்குச் செய்து வைத்திருந்த கொத்தை எடுத்துவந்து நீட்டினார். அதிகாரி பேன்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து பட்டறை ஓரத்துப் புல்லில் நாலு போடு போட்டார். நாலாவதில் விரல் முட்டி தரையில் உரசியது. ஷூவிலும் ஒரு கோடு விழுந்தது. பாய் அவர் கையை அளந்து வேறொரு பிடி போட்டுக் கொடுத்தார். இந்த முறை அதிகாரி நிறுத்தவே இல்லை. சம்மட்டிக்காரத் தம்பி என் காதருகே வந்து, "இவருக்குக் கூலி யாரு குடுக்கிறது?" என்று கேட்டான்.

ஒரு ஆள் படுக்கிற அளவு இடத்தில் புல்லை எடுத்துவிட்டுத்தான் அதிகாரி எழுந்தார். ஜீப்பிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துப் புரட்டினார். பொருளின் வகை என்ற இடத்தில் நான் முழுப் பொருள் என்று குறித்திருந்தேன். அதை அடித்துவிட்டு உதிரிப் பாகம் என்று போடலாமா என்று கேட்டார். இலையை மட்டும் அனுப்பினால் எடையும் குறையும், அதே வாடகையில் கூடுதல் சரக்கும் போகும் என்றார்.

பாயின் முகம் சுருங்கிவிட்டது. "இத்தனை வருஷமா கொத்து செய்யறேன் சார். பாகம் செஞ்சதில்ல."

மனைவிதான் பதில் சொன்னார். "அங்கயும் பொம்பளைங்களுக்குக் கை இருக்குது, மரமும் இருக்குது. பிடிய அவங்க போட்டுக்கட்டும். நீங்க இங்க இரும்பு அடிக்கிறீங்களா, எங்கண்ணன் கடையில துணி மடிக்கிறீங்களா?"

பாய் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். எப்படி அளக்க வேண்டும் என்று தெலுங்கில் எழுதிய சீட்டு ஒவ்வொரு சரக்குக் கட்டிலும் இருக்க வேண்டும். எண்ணெய் மில்லில் தெலுங்கு தெரிந்த கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்தார். சீட்டோடு ஒரு முழம் நூலையும் பாயின் மனைவி சுற்றி வைத்தார்.

புரட்டாசியில் உத்தரவு வந்தது. சரக்கு திண்டிவனம் வரை லாரியிலும், பிறகு கூட்ஸ் ரயிலிலும் போனது. இதை நான் பத்திரிகைக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அது மூன்று வரியாகச் சுருங்கி, 'செஞ்சி உதிரிப் பாகத் தொழிற்சாலைக்கு அரசு உதவி' என்ற தலைப்போடு வந்தது. பாய் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே என்னைத் தேடி வந்தார். கையில் குண்டூர் கடைக்காரரின் கடிதம். சரக்கு தீர்ந்துவிட்டது, இன்னும் இரண்டு மடங்கு வேண்டும், அந்தப் பக்கத்துக் கம்பு தடிமன் என்பதால் இலையில் பிடி நுழையும் துளையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

ஐப்பசி மழையில் நான் பட்டறைக்குப் போனபோது உலை எரிந்துகொண்டிருந்தது. அண்ணன்காரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தான்.

"பாரு ரிப்போர்ட்டரு, மெட்ராஸ் போனா வாரம் ரெண்டு சினிமா பார்ப்பேன். பாய் அதுலயும் மண்ணப் போட்டுட்டாரு. இதையும் பேப்பர்ல போடு."

பாய் இடுக்கியில் பிடித்திருந்த இலையைத் திருப்பி வைத்தார். "இரும்பு ஆறுதுடா," என்றார். "அடி."