மலை ஏறுவார், விகாரைக்குள் வரமாட்டார்

என் வீட்டுக்காரரை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் புறநகரான புருசெத்தில் பிடிக்க முடியாது. இத்தனை வருட ஒஸ்லோ வாழ்க்கை அவரிடம் ஒட்டவைத்த ஒரே பழக்கம் நோர்வேக்காரர் மாதிரி 'தூர்' என்ற காட்டு நடை போவது. மழையோ பனியோ, பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு அடுக்குமாடிகளுக்குப் பின்னாலுள்ள காட்டுக்குள் நடக்கப் போய்விடுவார். நேபாள மலைகளுக்குப் போவோமா என்று கேட்டதும் துள்ளிக் குதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை.

"மலை ஏறுவன். புத்தர் இருக்கிற இடத்துக்குள்ளை மட்டும் என்னைக் கூப்பிடாதையும்."

காரணம் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடத்துக்கு முன் அவருடைய தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போன முகாமின் வாசலில் ஒரு புத்தர் சிலை இருந்தது. தன் அம்மாவோடு அந்த வாசலில் நாட்கணக்காக நின்றவர் இவர். தம்பி திரும்பி வரவில்லை. அவனுடைய படத்துக்கு எங்கள் வீட்டில் மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. திவசம் செய்யச் சொல்லும் உறவினர்களிடம், "அவன் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?" என்று எரிந்து விழுவார். பிறகு இரண்டு நாளைக்கு என்னோடும் கதைக்கமாட்டார். நான் என்ன பாவம் செய்தேனோ!

எங்கள் வழிகாட்டி அந்த மலைக் கிராமத்துக்காரர். கோடையில் நோர்வேக்கு வந்து மலைப்பாதைகளில் கற்படி அடுக்குகிறவர். அப்படியொரு படியில் நாங்கள் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் அறிமுகமானார். யாழ்ப்பாணத்தாரும் நேபாளத்தாரும் இமயமலையில் நோர்வேஜிய மொழியில் அரட்டை அடித்துக்கொண்டு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! வழியெங்கும் மந்திரம் செதுக்கிய கற்சுவர்கள் வந்தன. சுவர் நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்கவேண்டும் என்றார் வழிகாட்டி. இவர் வேண்டுமென்றே மறுபக்கத்தால் போனார். வழிகாட்டி தன்பாட்டில் முன்னால் நடந்தார். எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

வழிகாட்டியின் ஊர் விகாரைக்கு ஏறிச் சேர்ந்தபோது நல்ல வெயில். நான் உள்ளே போய், காலமான என் அப்பாவுக்கு ஒரு வெண்ணெய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். இவர் வெளியே மதிலில் சப்பாத்தோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் யாருக்கும் ஏற்றவில்லையா?" என்று வழிகாட்டி கேட்டார்.

செத்துப்போனவர்கள் என்று தனக்கு யாரும் இல்லை என்றார் இவர், வெடுக்கென்று.

வழிகாட்டி சிரித்தார். "என் அண்ணன் கட்டாரில் வேலை செய்கிறான். போன கிழமை அவனுக்கு ஏற்றினேன். உயிரோடு தூரத்தில் இருப்பவர்களுக்கும் இங்கே ஏற்றுவோம்."

இவர் கோப்பையைக் கீழே வைத்தார். "உண்மையாவோ?" என்று என்னைத் தமிழில் கேட்டார், எனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல.

"ஓம், அவர்தானே சொல்லுறார்" என்றேன். இவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

உள்ளே, பெரிய புத்தருக்கு முன்னால், தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றார். கும்பிடவில்லை. விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த பிக்கு ஏதோ கேட்டார். யாருக்காக ஏற்றுகிறோமோ அவருடைய பெயரும் வயதும் வேண்டுமாம், பிரார்த்தனையில் சொல்வதற்கு. வழிகாட்டி மொழிபெயர்த்தார். இவர் தம்பியின் பெயரைச் சொன்னார்.

பிடித்துக்கொண்டு போன அன்று தம்பிக்கு இருபத்திமூன்று வயது. எங்கள் வீட்டுப் படத்தில் இருப்பதும் அந்த முகம்தான். இனி வயதை எப்படிச் சொல்லப்போகிறார் என்று நான் இவரின் முகத்தைப் பார்த்தேன்.

இவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"ஐம்பத்திநாலு" என்றார்.