தோலில் சுருக்கம் விழும்வரை

கொழும்பில் ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்கு உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து இணுவிலில் தோட்டம் செய்கிற வீட்டிலிருந்து போன பெண்ணுக்கு அது லேசில் கிடைக்கிற இடமில்லை. எங்கள் கழகம் ஒரு நட்பு ஆட்டத்துக்காக யாழ்ப்பாணம் வந்தபோதுதான் என் கணுக்கால் முறிந்தது.

முந்தின நாள் பெய்த மழையில் மைதானத்தின் ஒரு பக்கம் சேறாக இருந்தது. பந்தை வெட்டித் திரும்பினேன். சப்பாத்தின் அடிக்குமிழ்கள் மண்ணில் புதைந்து நின்றுவிட்டன. அந்த நேரம் பார்த்து எதிரணிப் பெண் வந்து மோதினாள். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. விழுந்து கிடந்து பார்த்தபோது வலது பாதம் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. காலுறைக்குள் ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. மோதியவள் பக்கத்தில் குந்தியிருந்து அழுதாள். தூக்குக்கட்டில் வருவதற்கு முன்பே எங்கள் கழகத்துக்கு வீடியோ எடுக்கிறவன் ஓடி வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் நின்ற மனேச்சர், “முகத்தையும் எடு, காலையும் எடு” என்றது எனக்கு நன்றாகக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டு, பாதத்தை இழுத்து நேராக்கி, பின்பக்கம் மட்டும் மாவுக்கட்டு வைத்தார்கள். அடுத்த நாள் காலை சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். ஐம்பது வயது மதிக்கக்கூடிய பெண், அதிகம் சிரிக்காதவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“இரண்டு பக்கமும் முறிஞ்சிருக்கு. கீழ்க்காலிலை இருக்கிற இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கிற நாரும் கிழிஞ்சிருக்கு. தகடு வைச்சுத்தான் பொருத்த வேணும்.”

“எப்ப டொக்டர்?”

“வீக்கம் இறங்கட்டும். இப்ப வெட்டினால் தோல் திரும்ப மூடாது, கிருமி பிடிக்கும். தோலிலை சுருக்கம் விழும். அதைப் பாத்துத்தான் திகதி சொல்லுவன்.”

வீக்கம் இறங்குவதற்குப் பதிலாகக் கொப்புளங்கள் வந்தன. கட்டை அவிழ்த்தபோது கணுக்காலைச் சுற்றி முட்டை முட்டையாக நின்றன. சிலவற்றில் மஞ்சள் நீர், சிலவற்றில் கறுத்த இரத்தம். ஒன்று தானாக உடைந்து துணியை நனைத்தது. பழைய மீன் கழுவின தண்ணீரின் நாற்றம். அது என் காலிலிருந்து வருகிறது என்பதை மனம் ஏற்கவில்லை. அம்மா கொண்டுவந்த இடியப்பத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன். படுக்கையில் சட்டி வைத்து மலம் கழிக்க வேண்டியிருந்தது. இந்தக் காலைத்தான் இத்தனை வருடம் எண்ணெய் போட்டு உருவி, பனிக்கட்டி வைத்து, பொன்போலப் பார்த்துக்கொண்டேன் என்று நினைக்க எரிச்சலாக வந்தது.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த ஆச்சியைப் பார்க்க அவரின் மகள் வந்திருந்தாள். என்னை உற்றுப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். “தங்கச்சி, இது நீங்களோ?” என்று போனை நீட்டினாள்.

என் பாதம் தொங்குகிறது. மெதுவாக, இரண்டு தரம் காட்டுகிறார்கள். பின்னணியில் சோகப் பாட்டு. என் வாய் கோணிக்கொண்டு அலறுகிறது. கீழே கழகத்தின் சின்னம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த வாளிக்குள் சத்தி எடுத்தேன். பின்னேரம் கனடாவில் இருக்கிற மாமி அதே வீடியோவை அம்மாவுக்கு அனுப்பி, பிள்ளைக்கு நடந்ததை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டிருந்தார். அம்மா அதை முழுக்கப் பார்த்தார்.

“பாட்டுப் போட்டிருக்கிறாங்கள்” என்றார்.

அம்மாவுக்கு நான் பந்து விளையாடுவது ஒருநாளும் பிடித்ததில்லை. ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று தொடங்குவார் என்று காத்திருந்தேன். தொடங்கவில்லை.

மனேச்சர் பார்வையாளர் நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி இறைச்சி ரோல்ஸ். கதிரையை என் காலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, ஒன்றை எனக்கு நீட்டினார். நான் வேண்டாம் என்றதும் அதைத் தானே தின்றார். எண்ணெய் விரல்களை என் போர்வையின் ஓரத்தில் துடைத்தார். அவர் பூசியிருந்த சென்ட் மணமும் இறைச்சி மணமும் என் கால் நாற்றமும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறின.

“தங்கச்சி, வீடியோ எங்கையோ போயிட்டுது. வெளிநாட்டிலை இருந்தெல்லாம் கேக்கினம். கழகத்துக்கு இப்பிடி ஒரு பேர் வந்ததில்லை.”

“அதை எடுத்துவிடுங்கோ அண்ணை.”

“ஏன்? உமக்குத்தானே விளம்பரம். இன்னொண்டு. இஞ்சை காத்துக்கொண்டு கிடக்கத் தேவையில்லை. கொழும்பிலை தனியார் ஆஸ்பத்திரியிலை நாளைக்கே வெட்டலாம். சுற்றுப்போட்டி வருது. ஊசி போட்டாவது கடைசி ஆட்டத்துக்கு உம்மை இறக்க வேணும்.”

“வீக்கம் இருக்கேக்கை வெட்டக்கூடாதாம்.”

“உந்த டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம்” என்றார். பிறகு போனை எடுத்து, என் காலும் தன் முகமும் ஒன்றாக விழும்படி பிடிக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் நேர்ஸ் மருந்து கட்ட வந்து, ஆட்களை வெளியே போகச் சொன்னார். மனேச்சர் எழும்பினார். அம்மா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

“இருங்கோ தம்பி. பாத்திட்டுப் போங்கோ.”

“இல்லை அன்ரி, நேர்ஸ் போகச் சொல்லுறா.”

“அவ கட்டட்டும். நீங்கள் நில்லுங்கோ. படம் எடுக்கத்தானே வந்தனீங்கள்? வடிவாப் பாத்து எடுங்கோ.”

நேர்ஸ் அம்மாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துணியை உரித்தார். ஒரு பெரிய கொப்புளம் துணியோடு சேர்ந்து வந்தது. நீர் வழிந்து கட்டிலில் சொட்டியது. நாற்றம் எழும்பியது. நான் மனேச்சரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு வெளுத்து, வாய்க்குள் எச்சில் ஊறி, விழுங்கினார். கைலேஞ்சியை மூக்கில் பொத்தினார்.

“நாளைக்கே வெட்டுவமெண்டு சொன்னனீங்கள்” என்றார் அம்மா. “எந்த இடத்திலை வெட்டுறது? காட்டுங்கோ.”

அவர் வாசல் பக்கம் வேகமாக நடந்தார். நடைபாதையில் ஓங்காளிக்கிற சத்தம் கேட்டது. அம்மா ரோல்ஸ் பெட்டியை எடுத்துக் குப்பைக்கூடைக்குள் போட்டார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. என் கால் ஒருவனை ஓங்காளிக்க வைத்துவிட்டது என்ற கூச்சமும் கூடவே இருந்தது.

கொப்புளங்கள் காய்ந்து, தோலில் சுருக்கம் விழுந்தபின் சத்திரசிகிச்சை நடந்தது. முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் துளையிடும் சத்தமும் எலும்பு தீயும் மணமும் வந்தன. வெளிப்பக்கம் தகடு, உள்பக்கம் ஸ்குரூக்கள். கிழிந்த நாருக்குப் பதிலாக, இரண்டு எலும்புகளுக்கும் ஊடாக ஒரு தடித்த நூலை விட்டு, இரு முனையிலும் பொத்தான் போன்ற சிறு உலோகத் துண்டு வைத்து இறுக்கினார் டொக்டர். விளையாடுகிற காலுக்கு அதில் கொஞ்சம் அசைவு மிஞ்சும் என்றார்.

கழகம் வீடியோவை நீக்கவில்லை. மனேச்சர் பிறகு போன் எடுக்கவுமில்லை. ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. சுற்றுப்போட்டிக்கு விளம்பரம் செய்தபோது மட்டும் என் முகத்தைப் போட்டார்கள். அதைப் பார்த்த அன்று வந்த குமட்டல், கொப்புளங்களைப் பார்த்தபோதுகூட எனக்கு வரவில்லை.

மாவுக்கட்டைக் கழற்றியபோது கெண்டைக்கால் சூம்பி, செத்த தோல் தாள் தாளாக உரிந்து வந்தது. வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து அதைத் தேய்த்துக் கழுவ எனக்கே கை கூசியது. பிறகு சுவரைப் பிடித்து நிற்பது, குதியைத் தூக்குவது, துவாயைக் கால்விரல்களால் இழுப்பது என்று பயிற்சிகள். கணுக்கால் முன்புபோல மடங்க மறுத்தது. இப்போதும் முழுதாக மடங்குவதில்லை.

இப்போது வேறொரு கழகத்துக்கு ஆடுகிறேன். வேகம் கொஞ்சம் குறைந்துவிட்டது. அதனால் நடுக்களத்தில் பின்தங்கி நிற்கிறேன். சப்பாத்து தகட்டில் உரசி, வெளிப்பக்கத் தோல் அடிக்கடி சிவந்து கன்றிவிடுகிறது. போன மாதம் டொக்டரிடம் காட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தார்.

“எலும்பு நல்லா ஒட்டியிருக்கு. தகட்டைக் கழட்டலாம். ஆனால் ஸ்குரூ இருந்த ஓட்டையள் மூடுபடுமட்டும் ஆட ஏலாது.”

“போட்டியள் முடியட்டும் டொக்டர்.”

“ஓம். முடிச்சிட்டு வாரும்” என்றார். வெளியே, என்னோடு வந்திருந்த அம்மா ஓட்டோக்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றார்.