அடுத்த கழனிக்குப் போகாத அழைப்பு

எங்கள் ஊரில் ஏரித் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். தலைமடையில் இருக்கும் எங்கள் கழனிக்கு முதலில், பிறகு அடுத்த கழனி, அப்படியே கடைமடை வரை. முறை வராமல் வாய்க்காலில் மண்வெட்டி வைக்கக் கூடாது. வைத்து மண்டை உடைந்ததுண்டு. அதற்காகத் தம்பி தன் லேப்டாப்பில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். பாய்ச்சி முடித்தவர் மிஸ்டு கால் கொடுத்தால், அடுத்தவருக்கு அவன் பதிவு செய்த குரல் போகும்: "உங்க முறை வந்துடுச்சு, மடைக்கு வாங்க."

போன அறுவடைக்குப் பிறகு மஞ்சள் காமாலையில் தம்பி போய்விட்டான். லேப்டாப்பை யாரும் அணைக்கவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். அதைத் தொடவே பயம். கடைமடைக்காரர் தன் புது நம்பரைச் சேர்க்கச் சொல்லி நச்சரித்ததால் தொட்டேன். கூடவே ஏதோ ஒரு வரி அழிந்தது எனக்குத் தெரியவில்லை.

இந்தப் போகத்துக்கு ஏரி திறந்ததும் அம்மாவுக்கு அழைப்பு வந்தது. கழனி நிறைந்ததும் மிஸ்டு கால் கொடுத்தாள். மறுபடி அவள் போனே அடித்தது. அதே குரல். திரும்பக் கொடுத்தாள். திரும்ப அடித்தது.

"நான் கூப்ட்டா திருப்பிக் கூப்புடுறான் நைனா," என்றாள் என்னிடம். அதன் பிறகு அவள் போனைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் அடுத்த கழனிக்காரம்மா வந்து நின்றாள்.

"இன்னாக்கா, ஏரியை உங்க வூட்டுக்கே எழுதி வெச்சிட்டாங்களா? என் நாத்து காஞ்சிக்கினு கீது. உன் கழனியில மீனு வுடலாம் போல!"

அம்மா போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

செல்லில் தேடினேன். என்னைப் போல் எத்தனையோ பேர் இதையே கேட்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்குப் பேசி முடிந்ததும் வரிசை எண்ணில் ஒன்றைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் முதல் வீட்டிலேயே நின்று சுற்றும். அந்த வரியைத்தான் அழித்திருக்கிறேன். எந்த இடத்தில் திரும்ப எழுதுவது? தப்பாக எழுதினால்? நல்லவேளை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு இருந்ததைத் தம்பி சேமிக்கும்படி வைத்திருந்தான். என் மாற்றத்தை மட்டும் ரத்து செய்ய ஒரு கட்டளை. இன்னொன்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் துடைத்துவிடுமாம். இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. மாற்றி அடித்துவிட்டால் அவன் குரலும் போய்விடுமோ?

"கொரலு போயிடாதில்ல?" என்றாள் அம்மா.

"போவாதும்மா." எனக்கு நிச்சயமில்லை.

"இரு. இன்னொரு வாட்டி கேட்டுக்கறேன்."

மிஸ்டு கால் கொடுத்துக் கேட்டாள். பிறகு தலையசைத்தாள். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து அடித்தேன். கடைமடைக்காரர் நம்பரும் அதோடு போகும். அவரிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

"இப்ப குடும்மா."

மிஸ்டு கால் கொடுத்துவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அடிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த கழனிக்காரம்மா வீட்டில் அடித்தது. ஸ்பீக்கரில் தம்பி பேசினான். "அப்பாடா!" என்று அந்தம்மா மண்வெட்டியோடு ஓடினாள்.

அம்மா வேலியோரம் போய் எட்டிப் பார்த்தாள்.

"இவளுக்கு அப்பறம் யாரு கழனி?"

சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அவங்களுக்குப் போன் வர சாயந்தரம் ஆவும்மா."

"ஆவட்டும்," என்று அந்த வீட்டுப் பக்கம் நடந்தாள்.