கடலைப் பார்த்திருந்த விளக்கு

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 5.40. மேகமில்லை, காற்றுமில்லை. கடல் சத்தமின்றிக் கிடந்தது. முற்றம் கூட்ட அடுக்களைக் கதவைத் திறந்த என் மனைவி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச, சுறுக்கா வாங்க. வளவெல்லாம் ஆமைக் குஞ்சு."

கூரை மூலையில் எரிந்துகொண்டிருந்த விளக்குக்கு நேர் கீழே, கிணற்றடி வாய்க்காலில், வேலிக் கம்பிகளின் அடியில் என்று எங்கும் கிடந்தன. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. நாற்பத்து மூன்று எண்ணினேன். எறும்பு மொய்த்தவையும் நாய் கடித்தவையும் போக, அசைந்தவை பன்னிரண்டு. அவற்றைப் பனையோலைக் கடகத்தில் அள்ளிக்கொண்டுபோய் ஈரமணலில் விட்டேன். பன்னிரண்டும் தண்ணீரில் இறங்கின.

திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றாள். "கடலுக்குப் போற சாமான் என்னத்துக்கு இஞ்சால வந்த?" என்று கேட்டாள். நான் விளக்கைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

அந்த விளக்கு அவளுடையது. வீடும் அவளுடையதுதான், எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய் கொடுத்த சீதன வீடு. 2004இல் கடல் வந்து அள்ளிக்கொண்டு போனபின் அதே அத்திவாரத்தில் திரும்பவும் கட்டினோம். குடிபுகுந்த நாளிலிருந்து ஒரு பெரிய வெள்ளை விளக்கு விடியும்வரை கடலைப் பார்த்து எரிய வேண்டும். படுக்கையிலிருந்து அலை விளிம்பு தெரிந்தால்தான் அவளுக்கு நித்திரை. கடல் வந்தது காலையில், நல்ல வெயிலில், அப்போது வெளிச்சத்துக்கு என்ன குறை என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "அதுக்கென்ன?" என்பாள். அதோடு பேச்சு முடியும்.

நான் தொலைபேசியில் அறிவித்ததில், பத்து மணிக்கு வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். என் மகளைவிட இளையவர். இரவில் வெளிவரும் குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அதைத்தான் கடல் என்று நம்பும் என்றார். பக்கத்து வளவு மீனவர் இன்னொரு கூட்டைக் காட்டினார். மூன்று கிழமைக்கு முன் தாய் ஆமை ஏறி வந்ததைத் தன் கண்ணால் கண்டிருந்தார். எங்கள் வேலியிலிருந்து பத்தொன்பது அடி வைத்தால் அந்த இடம்.

"விளக்க நிப்பாட்டச் சொல்லல்ல ஐயா," என்றார் உத்தியோகத்தர். "கடலுக்குத் தெரியாம வைங்க. நிலத்துக்குக் கிட்ட, மேல மூடி, கடும் செம்மஞ்சள் பல்பு. வெள்ளை மட்டும் கூடாது. போட்டுட்டுக் கரையில படுத்துப் பாருங்க. உங்கட கண்ணுக்குப் பல்பு தெரிஞ்சா அதுகளுக்கும் தெரியும்."

செலவில்லாத வழியை முதலில் பார்த்தேன். விளக்கைக் கடலுக்குப் புறங்காட்டி வீட்டுப் பக்கம் திருப்பினேன். பொழுதுபட்டதும் கூட்டுக்குப் பக்கத்தில் மணலில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். பல்பு தெரியவில்லை. ஆனால் வெள்ளையடித்த சுவர் முழுவதும் கடலை நோக்கி எரிந்தது. முன்பைவிட மோசம்.

மீனவர் தலைக்கு மேலே வந்து நின்றார். "என்னகா ஐயா, முட்டை போடவா வந்தீங்க?"

"எழும்ப ஏலாம இரிக்கன். கையப் புடி."

மறுநாள் மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு செம்மஞ்சள் பல்பை முழங்கால் உயரத்தில் கிணற்றடியில் பூட்டி, பால்மா டின் ஒன்றை வெட்டி மூடியாக வைத்தேன். வெளிச்சம் இரண்டு அடி வட்டத்துக்குள் அடங்கியது. மறுபடி படுத்துப் பார்த்தேன். கரை கறுப்பாக இருந்தது. படுக்கையிலிருந்து பார்த்தாலும் கடல் கறுப்புத்தான்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. நான்கு இரவுகள் சுவரில் தலையணையைச் சாத்திவைத்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் காலை அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, உன்னிச்சையில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாமே என்றேன்.

"அங்க போய்க் குளக்கட்டுக்குக் கீழ படுக்கவா?" என்றாள். பிறகு துருவுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "நான் லைட் கேட்டது கடலப் பார்க்கிற ஆசையிலயா? தூரத்தில கண்டா நேரம் கிடைக்கும். கதவு பூட்டிக் கிடந்தா நேரம் வேணுமே."

"எந்தக் கதவு?"

"அண்டைக்குப் பின்கதவில பூட்டு. திறப்பு உங்கட சாவிக்கொத்தில. நீங்க குளத்தில."

அப்போது நான் உன்னிச்சைக் குளத்தின் நீர்மட்டம் எழுதும் உத்தியோகத்தில் இருந்தேன். மார்கழி மழையால் ஞாயிறும் வேலை. கோழிக் கள்ளனுக்குப் பயந்து, கடலுக்கு மறுபுறம் வாவிப் பக்கத்துப் பின்கதவில் அந்த மாதந்தான் பூட்டுப் போட்டிருந்தேன். அவளும் அவள் தாய், முழங்கால் ஏலாத மாமியும் கடல் பக்கத்தால் சுற்றி வெளியேறப் பார்த்தபோது தண்ணீர் பிடித்துக்கொண்டது. மாமியின் உடலை இரண்டு நாள் கழித்து எடுத்தோம். இது எனக்குத் தெரியும். அதற்கு முன் இரண்டு பேரும் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தார்கள் என்பது தெரியாது. ஏன் கடல் பக்கமாகப் போனீர்கள் என்று பதினெட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க நித்திரை கொள்ளமாட்டீங்க. ஒரு வீட்டில ஒராள் முழிச்சா போதும்."

நான் எழும்பிப் படுக்கையறைக்குப் போனேன்; அவளும் பின்னால் வந்தாள். இப்போதைய வீட்டில் கட்டிலிலிருந்து கூடத்துக் கதவுக்கு இருபத்திரண்டு அடி. கட்டிலுக்கு அருகே, மேற்கில் வாவிப் பக்கமாக, கம்பி போட்ட ஜன்னல். அவள் அதைக் காட்டினாள்.

"இதக் கழட்டிக் கதவு போடுங்க. பூட்டு வேணாம். உள்ளுக்கு ஒரு கொண்டி போதும்."

மேசனும் கையாளும் இரண்டு நாள் வேலை செய்தார்கள். சீமெந்து காய்ந்தபின் அவள் கொண்டியைத் தள்ளி வெளியே இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். ஒன்பது முறை. அடையாள அட்டைகளும் வீட்டு உறுதிப் பத்திரமும் உள்ள பையைக் கதவோரம் தொங்கவிட்டாள். அன்று ஒன்பதரைக்குப் படுத்தவள் ஐந்து மணிக்குத்தான் எழும்பினாள். பிறகு வந்த எல்லா இரவும் அப்படி என்று சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 19 காலை வளவுக்குள் ஒரு குஞ்சும் இல்லை. கூட்டு வாயிலிருந்து கடல்வரை சின்னச் சின்னத் தடங்கள்; எழுபத்தொன்றுவரை எண்ணினேன், அதற்குமேல் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஐந்து தடங்கள் மட்டும் தெற்கே, விடுதியொன்றின் அலங்கார விளக்குகளை நோக்கிப் போயிருந்தன. முடிவில் நண்டுக் குழிகள். விடுதிக்குப் போய்ச் சொன்னேன். "செய்வம் ஐயா" என்றார்கள். விளக்குகள் இன்னும் எரிகின்றன.

உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் இறுகிவிடும். திங்களும் வெள்ளியும் கொண்டிக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறேன். அவள் நித்திரையான பிறகு கை நீட்டி அது அசைகிறதா என்று பார்க்கிறேன். பல்பு, மின்வேலை, கதவும் நிலையும், இரண்டு நாள் கூலி, சீமெந்து, பிணைச்சல், கொண்டி எல்லாமாக அறுபத்தையாயிரத்து எழுநூறு ரூபாய்.